வாசகர் கேள்வி பதில்: லயக் காம்பராவில் நோய் பரவும் வழி

கேள்வி: நாங்கள் ஆறு பேர் ஒரே லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில்) வசிக்கிறோம். மழை தொடங்கினால் ஒருவருக்கு வந்த தடிமனும் இருமலும் அந்த வாரத்திலேயே எல்லாரையும் பிடித்துக்கொள்கின்றன. தினமும் கிருமிநாசினி ஊற்றித் தரையைத் துடைத்தும் பயனில்லையே, ஏன்? (வாசகி, நோர்வூட்)

பதில்: உங்கள் உழைப்பின் பெரும் பகுதி, தடிமன் பரவாத இடத்தில் செலவாகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், பேசும்போதும்கூட, வைரசுகள் நுண்துளிகளாக வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் அருகில் இருப்பவரின் முகத்தில் படும். மிகச் சிறியவை காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதக்கும். சின்னமுத்து (தட்டம்மை) வைரசு, நோயாளி வெளியேறிய பின்பும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கக்கூடியது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய சிறிய காம்பராக்களில், அதுவும் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில், பின்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை. குளிருக்குப் பயந்து முன்கதவையும் சாத்திவிட்டால், ஆறு பேரும் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்க நேர்கிறது. குடியிருப்பவரை இதற்குக் குறை சொல்வது அநியாயம். காற்று வரும் வீட்டைக் கேட்பதும் சுகாதாரக் கோரிக்கையே.

வெயில் ஏறிய நேரத்திலாவது கதவையும் ஜன்னலையும் ஒருசேரத் திறந்து வையுங்கள். இருமுபவரின் தலைமாட்டில் அடுத்தவரின் கால் இருக்கும்படி மாறிப் படுத்தால், முகங்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடும்.

அடுத்தது கை. இன்ஃபுளுவென்சா வைரசு வழவழப்பான கடினமான பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே கதவுக் கொண்டி, லைட் சுவிட்ச், கைத்தொலைபேசி, தேநீர்க் கேத்தலின் பிடி ஆகியவற்றைத் தரையைவிட முதலில் துடைக்க வேண்டும். கை அங்கிருந்துதான் கண்ணுக்கும் மூக்குக்கும் போகிறது. தவழும் குழந்தை இருந்தால் மட்டும் தரையும் அதே அளவு முக்கியம். இன்ஃபுளுவென்சா போன்ற வைரசுகளைச் சூழ்ந்துள்ள கொழுப்புறையைச் சாதாரண சவர்க்காரமே சிதைத்துவிடும் என்பதால், விலை கூடிய திரவங்களுக்குச் சம்பளத்தைச் செலவிட வேண்டியதில்லை. மணம் தூக்கலாக இருப்பது கிருமி செத்ததற்கு அடையாளமும் அன்று. ஈரமாகவே மூலையில் கிடக்கும் துணியால் மறுநாளும் துடைப்பது கிருமியை இடம் மாற்றுவதாகும். துணியைச் சவர்க்காரமிட்டு அலசி, வெயிலிலோ அடுப்பருகிலோ நன்றாக உலர்த்துங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. இரண்டு நாளில் பல குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்துவிட்டன. எப்படிச் சுத்தம் செய்திருக்க வேண்டும்? (பிள்ளை பராமரிப்பாளர், மஸ்கெலியா)

பதில்: இப்படி வேகமாகப் பரவுவது பெரும்பாலும் நோரோ வைரசாக இருக்கும். மிகச் சில துகள்களே நோயை உண்டாக்கப் போதும். இதற்குக் கொழுப்புறை இல்லாததால் மதுசாரம் கலந்த கைத்திரவமும் சரியாக வேலை செய்யாது. முதலில் மற்றக் குழந்தைகளை அறையிலிருந்து வெளியேற்றி ஜன்னல்களைத் திறக்க வேண்டும். கையுறை அணிந்து, வாந்தியைப் பழைய துணியாலோ கடதாசியாலோ மூடி, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் துடைத்து எடுங்கள். பிறகு சவர்க்கார நீரால் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும் என்பதால், கழுவிய பின்னரே பிளீச்சிங் திரவத்தைப் பயன்படுத்த வேண்டும். புட்டியில் 5 சதவீதம் என்றிருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டுக் கழுவுங்கள். கலவையை அன்றன்றைக்கே தயாரியுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்; நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு கிளம்பும். விளையாட்டுச் சாமான்களுக்கும் கழிவறைக் கொண்டிக்கும் இதே முறைதான். உங்கள் கைகளையும் குழந்தைகளின் கைகளையும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நோய் கண்ட குழந்தை, வாந்தியும் வயிற்றோட்டமும் நின்று 48 மணி நேரம் கழியும்வரை வீட்டில் இருக்கட்டும்; பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: காசநோய்க்கு மருந்து எடுக்கும் மாமாவின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைக்க வேண்டுமா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: வேண்டாம். காசநோய் காற்றால் பரவுவது. தட்டாலும் குவளையாலும் பரவாது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், பெரும்பாலானோரிடம் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவர் வாயை மூடி இருமட்டும், அறையில் காற்றும் வெளிச்சமும் இருக்கட்டும். அவரோடு ஒரே காம்பராவில் வசித்த சிறு பிள்ளைகளை, இருமல் இல்லாவிட்டாலும், அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்று பரிசோதியுங்கள்.