அம்மாவுக்குச் சாயும் மசாஜ் நாற்காலி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் பட்ஜெட்டை எழுதியிருக்கிறார். கிரீம் நிறம் வேண்டும் என்றும், காற்றுப்பைகள் எத்தனை இருந்தால் நல்லது என்றும் கேட்டிருக்கிறார். அம்மாவின் உயரத்தை மட்டும் எழுதவில்லை. என் வீட்டுக்காரியின் உயரம் நாலடி பத்து அங்குலம். உங்கள் அம்மாவும் அதற்கு முன்னே பின்னேதான் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் 31 வருடமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். சோபா, வேன் சீட், ஊஞ்சல் மெத்தை எல்லாம் தைப்பேன். "சோபா தைக்கிறவனுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாளெல்லாம் குனிந்து தைக்கிற அப்பாவின் இடுப்புக்காக என்று பெங்களூரில் இருக்கும் மகள் போன வருடம் ஒன்றை அனுப்பிவைத்தாள். பெட்டியோடு 100 கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டு நிலை இரண்டரை அடி. கைப்பிடிகளைத் தனியே கழற்றி, நாலு பேர் பக்கவாட்டில் சரித்து நுழைத்தார்கள். உள்ளே வந்து சேர்ந்தபோது நிலையில் பூசியிருந்த மஞ்சளும் குங்குமமும் புது ரெக்சினில் அப்பிக் கிடந்தன.

நான் ஐந்தடி ஏழு. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரி உட்கார்ந்தபோதுதான் வினை. தோள்பட்டையைப் பிடிக்க வேண்டிய உருளைகள் பின்மண்டையில் நின்று கொண்டையைப் பிசைந்தன. "என்னங்க, பூவெல்லாம் போயிற்று, நிறுத்துங்கள்!" என்று கத்தினாள். உடலை அளந்து தோள் எங்கே என்று கண்டுபிடிக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் உருளை இறங்கித் தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவள் தோள் அதற்கும் கீழே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதுகுப்பக்கத்து ஜிப்பைத் திறந்தேன். உள்ளே தண்டவாளம் போல இரண்டு கம்பிகள், அவற்றில் ஏறி இறங்கும் ஒரு வண்டி, அதில் நான்கு உருளைகள். பிசைகிற தண்டில் வட்டுகளைச் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள். தண்டு சுற்றினால் உருளைகள் நெருங்கி விலகி நெருங்கும். தட்டுகிற தண்டு மையம் விலகிச் சுற்றுகிறது. தையல் இயந்திரத்தில் ஊசிக்கம்பி ஏறி இறங்குகிற அதே கணக்கு. காலுக்கும் தோளுக்கும் காற்றுப்பைகள். மீன்தொட்டிப் பம்பின் பெரியண்ணன் மாதிரி ஒன்று அவற்றுக்கு ஊதுகிறது.

கம்பியின் வளைவில்தான் விஷயம் இருக்கிறது. எஸ் வடிவம் என்றால் கழுத்திலிருந்து இடுப்பு வரை. எல் வடிவம் இருக்கைக்கு அடியிலும் திரும்பி, பின்தொடை வரை போகும். ஆனால் வழக்கமாக அவ்வளவு தட்டையாகச் சாயாது. எதுவானாலும் வளைவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. எங்கள் அப்பாவின் தேக்கு ஈஸிசேரில் பின்கட்டையில் மூன்றே வெட்டுதான், ஆனால் தொங்குகிற துணி யார் படுத்தாலும் அவர் முதுகுக்கு வளைந்து கொடுத்தது.

கால் உயரச் சாய்கிற நிலையை 'ஜீரோ கிராவிட்டி' என்றும் உங்களிடம் சொல்வார்கள். 1973, 74-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்த அமெரிக்க விண்வெளி வீரர்களின் உடல், எடையில்லாமல் தளர்ந்தபோது தானாக வந்து நின்ற நிலையை வைத்து எடுத்த கணக்கு அது. முதுகுக்கும் தொடைக்கும் நடுவே ஏறத்தாழ 128 பாகை. அதற்காகப் பாளையங்கோட்டையில் யாருக்கும் எடை குறையாது. கால் உயர்வது இடுப்புக்குச் சுகம், அதை மறுக்கவில்லை.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கல்யாண மண்டபத்துக்கு 400 நாற்காலி உறை தைத்துக் கொடுத்தேன். பாதிப் பணம்தான் வந்தது. மீதியைக் கேட்டால், "அதே உறை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே" என்கிறார் மண்டபத்துக்காரர். அவர் மண்டபத்து முகூர்த்தங்களில் இன்றைக்கும் என் தையல் மேல்தான் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இருக்கட்டும்.

வீட்டுக்காரிக்கு 40 டென்சிட்டி ஃபோமில் மூன்றங்குல மெத்தை தைத்து இருக்கையில் போட்டேன். தோள் உருளைக்கு எட்டியது. பாதம் அடியைத் தொடவில்லை, அதற்கு ஒரு துண்டை மடித்து வைத்தாயிற்று. கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள். துணி கிழிந்தால் அதற்குமேல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது, முடி சிக்கும். உங்கள் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நான் மருத்துவன் இல்லை.

கடையில் அம்மாவையே உட்கார வைத்துப் பாருங்கள், கால்மணி நேரமாவது. வாசல் நிலையை அளந்துகொண்டு போங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்றும் கேளுங்கள். சில நாற்காலிகள் முன்னால் நகர்ந்துகொண்டே சாயும், சில பின்னால் இடம் கேட்கும்.

ஜப்பானில் 1954-இல் இதை முதலில் பெருமளவில் செய்தபோது பொதுக் குளியல் கூடங்களில்தான் போட்டார்களாம். குளித்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயைத் தலைநிறையத் தேய்த்துக்கொண்டு, ஊறுகிறவரை இதில்தான் சாய்கிறார்கள். ஆறே மாதத்தில் தலையணையில் கறுப்பு வட்டம் விழுந்து, ரெக்சின் செதில் செதிலாக உரிந்தது. பருத்தியில் கழற்றித் துவைக்கிற மாதிரி உறை தைத்துப் போட்டிருக்கிறேன். கிரீம் நிறம் மட்டும் வேண்டாம்.