பழைய பைல் திறக்குமா? புது வெர்ஷனுக்குப் பணம் கட்டும் முன்...

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். மாற்றிய மறுநாளே எதுவோ ஓடவில்லை என்கிறார்கள். இந்த முறை அப்படிப்பட்ட கேள்விகளாகவே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல் செய்த பல வருஷத்து பைல்கள் கைவசம் உள்ளன. பழைய மெஷின் படுத்துவிட்டதால் விண்டோஸ் 11 மெஷினும், அதே வேலைக்கான புது மென்பொருள் இன்டிசைனும் வாங்கினேன். "எல்லாம் ஓடும் சார்" என்றார் கடைக்காரர். பைல் திறக்கவே இல்லை. மேட்டரை மட்டும் காப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. என்ன செய்ய?

பதில்: உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒன்று பைல், இன்னொன்று எழுத்துரு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் தீராது.

முதலில் பைல். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு அடோபி நிறுவனம் அதை வளர்க்கவில்லை. எல்லோரையும் இன்டிசைனுக்குத் திருப்பிவிட்டது. பேஜ்மேக்கர் 6.0-இலிருந்து 7 வரை செய்த பைல்களை இன்டிசைன் நேரடியாகத் திறந்தது உண்மைதான். ஆனால் அது 2012-இல் வந்த சிஎஸ்6 வரைக்கும்தான். அதற்கு அடுத்து வந்த சிசி வரிசையில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் இன்டிசைனில் கோளாறு எதுவும் இல்லை. எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் திறக்காது.

வழி உண்டு. உங்கள் ஊரில் இன்னும் சிஎஸ்6 அல்லது அதற்கு முந்தைய இன்டிசைன் ஓடிக்கொண்டிருக்கும் அச்சகம் ஒன்றைப் பிடியுங்கள். அங்கே உங்கள் பைலைத் திறந்து இன்டிசைன் பைலாகச் சேமித்துக்கொண்டால், இன்றைய வெர்ஷன் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளும். வரி உடைவதும், பார்டர் கொஞ்சம் நகர்வதும் இருக்கும். நாலு பக்க பத்திரிகைக்கு அது பெரிய வேலை இல்லை. 200 பக்க மலருக்குப் பெரிய வேலைதான்.

அடுத்து எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், பைலுக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு மெஷினில் இருக்கும்வரை திரையில் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே பல்லிளிக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எழுத்துரு பைல்களை எடுத்துப் புது மெஷினில் போட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ட்ரூடைப் எழுத்துருவாக இருந்தால் கவலை இல்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகையாக இருந்தால் மட்டும் சிக்கல். 2023 ஜனவரியோடு அடோபி தன் புது வெர்ஷன்களில் அந்த வகையைக் கைவிட்டுவிட்டது.

எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டுமென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. எழுத்துரு எந்தக் குறியீட்டு முறை என்று சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதில் முக்கியம். பாமினி வேறு, தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய டாம், டாப் வேறு. தனியார் கம்பெனிகள் வைத்திருந்தவை வேறு. மாற்றிய பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்ட பட்டமும், மெயில் முகவரியும் கன்வர்ட்டரில் மாட்டித் தமிழ் எழுத்தாகச் சிதைந்திருக்கும். பத்திரிகையில் பட்டம் தப்பாக வந்தால் சம்பந்தி வீடு என்ன சொல்லும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்டிசைனில் யூனிகோடு தமிழை ஒட்டியதும் 'கொ', 'கெ' உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? பயப்பட வேண்டாம். பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போஸர்' என்ற தேர்வை மாற்றுங்கள், சரியாகிவிடும். இதற்காகப் புது எழுத்துரு வாங்கச் சொல்லி யாராவது பில் போட்டால் கொடுக்காதீர்கள்.

எல்லா பைலையும் ஒரே மூச்சில் மாற்றிவிட நினைக்காதீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையைத் தேடி இனி யார் வரப்போகிறார்கள்? பில் புக், லெட்டர் பேடு, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு என்று திரும்பத் திரும்ப ஆர்டர் வருவதை முதலில் மாற்றுங்கள். மற்றதை ஆர்டர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மிச்ச பைல்களுக்காகப் பழைய விண்டோஸையே புது மெஷினுக்குள் ஒரு தனிப் பெட்டி மாதிரி ஓட வைக்கலாம். வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். அந்தப் பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள். தமிழ் டைப்பிங் மென்பொருளுக்கு, செருகினால்தான் ஓடவிடும் 'பூட்டு' இருந்து, அது பழைய பிரின்டர் போர்ட்டில் செருகும் ரகமாக இருந்தால், புது மெஷினில் செருக இடமே இருக்காது. கம்பெனிக்காரரிடம் யுஎஸ்பி பூட்டு மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பழைய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும்.

கடைக்காரர் சொன்ன "எல்லாம் ஓடும்" விஷயத்துக்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: வீட்டில் 2016-இல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. இனி இது ஆபத்து, எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள் என்கிறார்கள். இன்னொருவர் இதிலேயே விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன், காசு கொடுங்கள் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு மேல். 2016 லேப்டாப் அதற்கு முந்தைய தலைமுறைதான். அதில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அதற்கா காசு கொடுப்பது?

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் கிடைக்கிறது. லேப்டாப்பில் 22எச்2 வெர்ஷன் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை அந்தக் கணக்கோடு இணைத்தால் இலவசம். அந்த அவகாசத்தில் நிதானமாகப் புது லேப்டாப் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம். 2018, 2019 லேப்டாப்பில் 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே விற்றுவிடாதீர்கள். மெஷின் ஆன் ஆகும்போது நுழையும் பயாஸ் செட்டிங்ஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். ஆன் செய்தால் போதும். மேலும், 10-இலிருந்து 11-க்கு ஏறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக 10 நாள் அவகாசம் உண்டு. ஆகவே ஏறிய முதல் வாரத்திலேயே பிரின்டர், ஸ்கேனர், அலுவலக விபிஎன் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: மொத்த வியாபார மளிகைக் கடை. டேலி இஆர்பி 9-இல் கணக்கு. ஆடிட்டர் டேலிபிரைமுக்கு மாறச் சொல்கிறார். எங்கள் பில் பார்மட் தனியாக எழுதி வாங்கியது. மாறினால் போய்விடுமா?

பதில்: போக வாய்ப்பு உண்டு. நீங்கள் எழுதி வாங்கியது டிடிஎல் என்ற டேலியின் சொந்த மொழியில் எழுதிய நிரல். அது பழைய வெர்ஷனின் அமைப்பை நம்பி எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, புது வெர்ஷனுக்கு மாற்றித் தருவாரா, எவ்வளவு கேட்பார் என்பதை முதலில் விசாரியுங்கள். அவர் தலைமறைவு என்றால் வேறொருவரிடம் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மாற்றத்தின் விலை.

அவசரமா என்றால், அது உங்கள் நிறுவனத்தின் வகையைப் பொறுத்தது. பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற பதிவு அழியாமல் இருக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதி சொல்கிறது. ஆடிட்டர் அதற்காகச் சொல்லியிருந்தால் மாறித்தான் ஆக வேண்டும். தனி உரிமையாளர் கடை என்றால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. எதற்காக என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

மாறும்போது டேட்டா போல்டரை வேறு இடத்துக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியை மட்டும் மாற்றுங்கள். பிரைம் 3.0-க்கு மேல் மாற்றிய டேட்டாவை மறுபடி பழைய வெர்ஷனில் திறக்க முடியாது, ஒருவழிப் பாதை. மாற்றியதும் டிரையல் பேலன்ஸ், ஸ்டாக், பார்ட்டி வாரியான பாக்கி மூன்றையும் பழையதில் ஒரு பிரின்ட், புதியதில் ஒரு பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதியும், 3பி-க்கு 20-ஆம் தேதியும் கழுத்தை நெரிக்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் பழைய லேசர் பிரின்டர் வேலை செய்யவில்லை. பிரின்டரையும் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. விண்டோஸ் 11 64-பிட் மட்டும்தான். பழைய சிடியில் உள்ள, பிரின்டரை இயக்கும் 32-பிட் டிரைவர் அதில் ஏறாது. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 10 64-பிட் டிரைவர் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் நீங்கள் வாங்கியது ஸ்னாப்டிராகன் பிராசஸர் லேப்டாப் என்றால் கதை வேறு. அதற்கு ஆர்ம் வகை டிரைவர் தனியாக வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றுக்கு அது வரவே இல்லை. பேட்டரி நன்றாக நிற்கிறது என்று அந்த லேப்டாப்பை வாங்கும் முன் பிரின்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், கைரேகைக் கருவி மூன்றையும் விசாரிப்பது நல்லது.

கேள்வி: "ஓடும்" என்று சொல்லி விற்றுவிட்டு, ஓடவில்லை என்றால் பணம் தரமாட்டேன் என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கும் போட முடியாதாமே?

பதில்: அது பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை அதே சட்டம் நுகர்வோராக ஏற்கிறது. முதல் கேள்வி கேட்ட டிடிபி கடைக்காரர் மாதிரி ஆட்களுக்கு இது பொருந்தும்.

பழைய பைல் திறக்கவில்லை என்பதாலேயே மென்பொருள் குறையுள்ளது ஆகிவிடாது. நீங்கள் குறிப்பாகக் கேட்டு, அவர் ஓடும் என்று உறுதி சொல்லி, அதை நம்பி வாங்கியதாகக் காட்ட வேண்டும். வாய்ப்பேச்சை எப்படிக் காட்டுவது? வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "ஓடும்" என்ற ஒரு வரியே உதவும். பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிகச் செயல் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். பல தகராறுகள் அங்கேயே சமரசம் ஆகிவிடும். ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

இனிமேல் வாங்குகிறவர்கள் கொட்டேஷனிலேயே இப்படி ஒரு வரி கேளுங்கள்: "வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி பைல்கள், பிரின்டர், டேட்டா ஆகியவை புதிய மெஷினில் ஓடுவதைக் காட்டிய பிறகு மீதித் தொகை." எழுதித் தரத் தயங்குகிற கடையில், பென் டிரைவில் உங்கள் பைலைக் கொண்டுபோய் அங்கேயே ஒரு மெஷினில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.