பாட்டி சொல்வது கட்டுக்கதை இல்லை

கேள்வி: என் பாட்டிக்கு 92 வயது. சின்ன வயதில் பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கே இருந்தவர். தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறார். "ஏரோப்ளேனைப் பார்க்க எல்லாரும் தெருவுக்கு ஓடினோம், கைகூடக் காட்டினோம்" என்கிறார். குண்டு போட வந்தவனுக்கு யார் கை காட்டுவார்கள், வயசாகிவிட்டது, கிளறாதே என்று மாமா அதட்டுகிறார். நான் கேட்கலாமா?
- வாசகி, கூலிம்

பதில்: கேளுங்கள் தங்கச்சி. ஆனால் முதலில் மாமாவிடம் போய், பாட்டி சொல்வது நிஜம் என்று சொல்லுங்கள். 1941 டிசம்பர் 11 அன்று விமானங்கள் வந்தபோது பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுன் சனம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதுவரை அந்த ஊரில் குண்டு விழுந்ததில்லை, விமானத்தைச் சுட்டு விழுத்த ஒரு பீரங்கிகூட அங்கே இல்லை. குண்டு போட்டதோடு விடாமல், தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். வெட்டவெளியில் நின்றதால்தான் அத்தனை பேர் செத்தார்கள். சில நாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட, 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ளே வந்தான்.

அந்தக் கை காட்டியதுதான் பாட்டி மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பக்கத்தில் நின்று கை காட்டிய யாரோ திரும்பி வராமல் போயிருக்கலாம். அதைப் போய்ப் பொய் என்றால் அவர் எப்படித் தாங்குவார்?

ராத்திரியில் கேட்காதீர்கள். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, குண்டைப் பற்றி இல்லாமல், எந்தத் தெருவில் வீடு, அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது, பினாங்கிலிருந்து யார் கூட்டிவந்தார்கள் என்று ஆரம்பியுங்கள். போனில் பதிவு செய்யலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேதி மாறினாலும் இடையில் திருத்த வேண்டாம். பேச்சை நிறுத்தினால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவரே தொடருவார்.

அப்புறம் வெடி. பக்கத்து வீட்டில் எப்போது கொளுத்துவார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, பாட்டியிடம் சொல்லி, உள் அறையில் யாராவது கூட இருங்கள். பயந்த பிறகு "ஒன்றுமில்லை" என்று சிரிப்பதை மாமா நிறுத்தட்டும். தூக்கமே போய்விட்டால் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் அந்தப் பினாங்கு கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வயசுக் கோளாறு என்று ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுவார்.