பங்காளி வைரஸ்கள் – கடிதம்

வணக்கம்ங்க,

சளி வைரஸும் பாக்டீரியாவைத் தாக்கற வைரஸும் ஒரே வழி வந்திருக்கலாம்னு எழுதியிருந்தீங்க. நான் காங்கயத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கேன், பிளஸ் டூ வரைக்கும் பயாலஜி படிச்சேன். வைரஸுக்கு எலும்பும் இல்ல, ஜீனும் மாறிக்கிட்டே இருக்குது, அப்புறம் எதை வெச்சுங்க உறவு சொல்றது? கொரோனாவுக்கு வெளிய இருக்கிற கொழுப்புப் படலம் சில வைரஸுக்கு உள்ள இருக்குதுன்னீங்களே, அது எப்படிங்க உள்ள போச்சு?

ஒரு வாசகர், காங்கயம்

அன்புள்ள நண்பருக்கு,

நம்ம பக்கம் வெளியூர்ல ஒருத்தரைப் பாத்தா குலதெய்வம் எந்தக் கோயிலுங்கன்னுதான கேக்கறோம். ஊரு வேற, தொழில் வேற, ஜாடை கூட இருக்காது, ஆனா கோயில் ஒண்ணுன்னா பங்காளி. வைரஸுக்கு அந்தக் கோயில், அதோட ஜீனை மூடி நிக்கற கூட்டைக் கட்டற புரதம் (கூட்டுப் புரதம்) மடிஞ்சிருக்கிற விதம். ஜீன்ல எழுத்து மாறி மாறி கடைசில ஒப்பிட ஒண்ணும் மிஞ்சாது, ஆனா மடிப்பு கெட்டா கூடு நிக்காது, கூடு நிக்கலைன்னா வம்சமே இல்ல, அதனால மடிப்பு தங்கிப்போகுது.

1999ல ரோஜர் பர்னெட், டென்னிஸ் பாம்ஃபோர்ட்ங்கற விஞ்ஞானிங்களோட குழு பிஆர்டி1ங்கற பாக்டீரியா வைரஸோட கூட்டுப் புரதத்தை எக்ஸ்ரே வழியா பாத்தாங்க. ஒரே புரதச் சங்கிலி ரெண்டு பீப்பாயா சுருண்டு பக்கத்துல பக்கத்துல நிக்குது, அதுல மூணு சேந்தா ஆறு பீப்பாய், மேல இருந்து பாத்தா கிட்டத்தட்ட அறுகோணம், அந்த மாதிரி 240 சேந்து ஒரு கூடு. நமக்குச் சளி புடிக்க வைக்கற அடினோவைரஸ்லயும் அதே ரெட்டைப் பீப்பாய், அதே 240. எதேச்சையா வந்திருக்கலாமேன்னு கேக்கறவங்க இருக்காங்க, நியாயமான கேள்விதான். ஆனா அமெரிக்காவோட எல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல, அமிலத் தண்ணில வாழற ஆர்க்கியாவோட (பாக்டீரியா மாதிரியே தெரியற, ஆனா தனிக் கிளையான நுண்ணுயிர்) வைரஸ் ஒண்ணுலயும் இதே மடிப்பு கெடைச்சப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லைங்க, உயிரினம் பாக்டீரியா, ஆர்க்கியா, நாம இருக்கிற கிளைன்னு மூணு பெருங்கிளையா பிரியறதுக்கு முந்தின உறவு இது.

படலத்துக்கு உங்க களத்துலயே பதில் கெடக்குது. தேங்காயை உடைச்சா ஓடு, ஓட்டோட வளைவுலயே பருப்பு, நடுவுல தண்ணி. சிலி நாட்டுக் கடல் தண்ணில கண்டுபிடிச்சு 1968ல அறிவிச்ச பிஎம்2ங்கற பாக்டீரியா வைரஸ் அப்படித்தான், வெளிய புரத ஓடு, பருப்பு இடத்துல கொழுப்புப் படலம், தண்ணி இடத்துல வட்டமா மூடின டிஎன்ஏ. கொப்பரை காயக் காய ஓட்டை விட்டுக் கழண்டுக்கும், இது கழலாது, படலத்துக்குள்ள ஊடுருவி நிக்கற ரெண்டு புரதம் அதை ஓட்டோட இழுத்துப் புடிச்சிருக்குதுன்னு 2008ல வெளியான அந்த வைரஸோட அமைப்புப் படத்துல தெரிஞ்சுது. அப்புறமா உள்ள போகலைங்க, ஓடும் படலமும் பாக்டீரியாவுக்குள்ளயே ஒண்ணாத்தான் உருவாகுது. கொழுப்பு பாக்டீரியாவோடது, வைரஸுக்குச் சொந்தமா செய்யத் தெரியாது, ஆனா பாக்டீரியா சவ்வுல இருக்கிற விகிதத்துல எடுக்கறதில்ல, தனக்கு வேணும்கறதை அதிகமா எடுத்து தன் புரதத்தால வளைச்சுக்குது.

இந்தப் படலம் சும்மாவும் கெடக்கறதில்லைங்க. பிஆர்டி1 பாக்டீரியா மேல ஒக்காந்ததும் அதுவே குழாயா நீண்டு பாக்டீரியாவோட சுவரைத் தாண்டி எறங்குது, டிஎன்ஏ அது வழியாத்தான் உள்ள போகுது.