ஊர் பிழைக்குமா?

அன்புள்ள சார்,
2019 டிசம்பரில் ஆன்டனி ஜோஷுவா, ஆண்டி ரூயிஸ் குத்துச்சண்டை மறுபோட்டியை சவுதியில் திரியாவில் வைத்தார்கள். ஜோஷுவாவின் ரசிகர்கள் இங்கிலாந்தில் இருக்க, பாலைவனத்தில் நடத்தியது பணத்துக்காக மட்டும்தானே? ஆனால் ஒன்று நிச்சயம், இப்படி ஒரு போட்டி கிடைத்தால் எந்தச் சின்ன ஊரும் பிழைத்துக்கொள்ளும்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பணத்துக்காகத்தான். முகத்தில் குத்து வாங்குகிறவன் அதிகம் தருகிற இடத்துக்குத்தான் போவான், இதில் என்ன ஆதங்கம்? நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. கொஞ்ச நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர் பிழைக்குமாம்! லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் குத்துச்சண்டைக்குக் கொட்டிக் கொடுப்பது டிக்கெட் வசூலை மட்டும் நம்பி இல்லை, அதைப் பார்க்க வருகிற பெரிய கைகள் அந்த வார இறுதியில் மேஜையில் தோற்றுவிட்டுப் போகும் பணத்தை நம்பி. 1974-இல் குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் தலா 50 லட்சம் டாலர் என்று ஜயர் நாட்டு (இன்றைய காங்கோ) சர்வாதிகாரி மொபுட்டு அழைத்தாரே, அது தன் பெயர் உலகமெங்கும் அடிபட. போட்டி நடந்த தலைநகர் கின்ஷாசாவின் ஜனங்களுக்காக என்றால் விடிகாலை நாலு மணிக்கா மணி அடிப்பார்கள்? அமெரிக்காவில் தியேட்டர் திரைகளில் ராத்திரி பார்க்கிறவர்களுக்கு ஏற்ற நேரம் அது. இவர்களுக்கெல்லாம் வரவு வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது நஷ்டத்தைக் கேட்க ஆளில்லை.

இரண்டும் இல்லாத ஊர் என்ன ஆகும் என்பதற்கு ஷெல்பியைப் படியுங்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்துச் சின்ன ஊர், பக்கத்தில் எண்ணெய் கிடைத்ததும் தலைகால் புரியாமல் 1923 ஜூலை 4-க்கு உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியைச் சண்டைக்கு அழைத்தது. அவருக்கு 3 லட்சம் டாலர், மூன்று தவணை. 40,000 பேர் உட்காரப் பலகை அரங்கம் கட்டினார்கள். மூன்றாம் தவணைக்குப் பணம் புரளவில்லை, போட்டி நடக்குமா என்று வதந்தி கிளம்பி, சிறப்பு ரயில்கள் ரத்தாகி, கடைசியில் காசு கொடுத்து வந்தவர்கள் ஏழாயிரம் சொச்சம், மிச்சப் பேர் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். டெம்ப்சியின் மேனேஜர் ஜாக் கியர்ன்ஸ் வாசல் வசூலையும் வாரிக்கொண்டு ரயிலேறிவிட்டார். அப்புறம் அந்த வட்டாரத்தில் வங்கிகள் ஒவ்வொன்றாக மூடின. 15 ரவுண்டும் தாக்குப்பிடித்துப் டெம்ப்சியிடம் புள்ளிகளில் தோற்ற டாமி கிப்பன்ஸுக்குக் கூலி என்று ஒன்றுமே இல்லை.

என் பெரியப்பா ஒருமுறை கோயில் கொடைக்கு, சீட்டுப் பணத்தைப் போட்டு, பட்டணத்திலிருந்து பாட்டுக் கச்சேரியை இறக்கினார். வண்டிக்கடைகளுக்கு நல்ல வியாபாரம். ஊரே அவரைப் புகழ்ந்தது. சீட்டுக்காரர்கள் மட்டும் மறுநாள் காலையிலேயே திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மாவின் சங்கிலி போனது. நல்ல மனுஷர், பாவம், கச்சேரி எப்படி இருந்தது என்றுதான் சாகும்வரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்திலும் அவர் குரல்தான் கேட்கிறது, அதனால்தான் திட்டுகிறேன்.

ஜோஷுவா திரியாவில் புள்ளிகளில் ஜெயித்துப் பட்டங்களை மீட்டுக்கொண்டார். இங்கிலாந்து ரசிகர்கள் காசு கட்டி டிவியில் பார்த்தார்கள். லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்திருந்தாலும் பாதிக்கு மேல் அப்படித்தான் பார்த்திருப்பார்கள், அவர்களுக்காக நீங்கள் உருக வேண்டாம்.