பிடி எத்தனை விரலுக்கு?

பழங்கால ஆயுதங்களின் நகல்களைச் சேர்ப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் சேலம் உருக்காலையின் பரிசோதனைக்கூடத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அஸ்தம்பட்டியில் இருக்கும் அவர் வீட்டு மாடியறையில் 14 வெண்கல ஆயுதங்கள் இருக்கின்றன.

கேள்வி: இணையத்தில் ‘வெண்கலக் கால வாள்’ என்று போட்டு 3,800 ரூபாய்க்கு விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா ஐயா?
(கல்லூரி மாணவர், ஓமலூர்)

அந்த விலைக்கு நல்ல வெண்கல வாள் வராது தம்பி. ஒன்று, இரும்பின்மேல் பொன்னிறப் பூச்சாக இருக்கும். இல்லையென்றால் பித்தளையாக இருக்கும். பூச்சு என்றால் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். பித்தளைதான் ஏமாற்றும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பிடியைக் கழற்ற முடிந்தால், உள்ளே மறைந்திருக்கும் பகுதியில் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மஞ்சளில் லேசாகச் செம்மை ஓடினால் வெண்கலம்.

விற்பவரிடம் வெள்ளீயம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் 10 என்றோ 12 என்றோ உடனே சொல்வார். பத்துக்கு ஒன்று என்பது நேற்று வந்த கணக்கல்ல. துருக்கிக் கடலோரத்தில் உலுபுருன் என்ற இடத்தில் சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பல் மூழ்கியது. 1982-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதில் சுமார் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. அந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எடையையும் கேளுங்கள். இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான வாள் முக்கால் கிலோவை ஒட்டி இருந்தால் சரி. ஒன்றரை, இரண்டு கிலோ என்றால் அது சுவரில் மாட்டச் செய்தது. கையில் பிடிக்கச் செய்ததல்ல.

கேள்வி: அருங்காட்சியகப் படங்களில் பார்க்கிற வெண்கல வாள்களின் பிடி ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? அந்தக் காலத்து ஆட்கள் குள்ளமானவர்களா?
(பள்ளி ஆசிரியை, ராசிபுரம்)

என் முதல் வாள் வந்த அன்று நானும் இதைத்தான் கேட்டேன் அம்மா. 2014-இல் இங்கிலாந்தில் இருக்கும் மகளிடம் சொல்லி, அங்கே ஒரு கைவினைஞரிடம் வார்த்து வாங்கியது. ‘நாவே 2’ என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்த வகை. கி.மு. 1200-ஐ ஒட்டி ஐரோப்பாவிலிருந்து கிரேக்கம், கிழக்கு மத்தியதரைக் கடல் வரைக்கும் பரவியது. பெட்டியைப் பிரித்து, அரிவாளைப் பிடிக்கிற மாதிரி இறுகப் பிடித்தேன். நான்கு விரலும் உள்ளே அடங்கவில்லை. அடிக்குமிழ் உள்ளங்கையைக் குத்தியது. அளவு தப்பாகச் செய்து அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

தப்பு என் கையில்தான். அலகு தொடங்கும் இடத்தில் பிடி இரண்டு தோள் மாதிரி விரியும். ஆள்காட்டி விரல் அந்தத் தோளின்மேல் ஏறி உட்கார வேண்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் அணைக்க வேண்டும். அப்படிப் பிடித்ததும் மற்ற மூன்று விரலும் தானாக அடங்கிவிட்டன, முனையும் லேசாகிவிட்டது. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: பிடி எட்டரை சென்டிமீட்டர், என் உள்ளங்கை அகலம் ஒன்பது. அந்த ஆட்கள் குள்ளமும் இல்லை, கை சின்னதும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வாளை நூறு முறை பார்த்தாலும் இது தெரியாது. நகல் வாங்குவதே இதற்காகத்தான் என்பேன்.

கேள்வி: எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. உலையும், உலோகம் உருக்கும் மூசையும் இருக்கின்றன. நாங்களே ஒரு வாள் வார்க்க முடியுமா?
(பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை)

முடியும். ஆனால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இரண்டு முறை வார்த்தோம். முதல் தடவை மழைக்காலம். மண் அச்சு வெளியே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். உருகிய உலோகம் உள்ளே போனதும் அச்சின் வாய் குபுக்கென்று கொப்பளித்து, நெருப்புத் துளி ஒன்று என் செருப்பைத் துளைத்தது. அடுப்பங்கரையில் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? இது 1,100 டிகிரியில் நடக்கிறது. அன்று யாருக்கும் கண் போகாதது கடவுள் புண்ணியம். உடைத்துப் பார்த்தால் அலகு முழுக்கப் பணியாரம் மாதிரி ஓட்டை. நுனி வரை உலோகம் போய்ச் சேரவும் இல்லை, பாதியிலேயே உறைந்துவிட்டது.

சில மாதம் கழித்து, சித்திரை வெயிலில் மறுபடி முயன்றோம். வண்டல் மண்ணும் உமியும் குழைத்து இரண்டு பாதி அச்சு. ஒரு வாரம் வெயிலில் உலர்த்தல், அப்புறம் விறகு நெருப்பில் சுட்டெடுப்பு. அச்சு சூடாக இருக்கும்போதே செங்குத்தாக நிறுத்தி, பிடிப்பக்கத்திலிருந்து ஊற்றினோம். செம்பை முதலில் உருக்கி, மேலே கரித்தூள் போட்டுக் காற்றுப் படாமல் மூடி, வெள்ளீயத்தைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்னாடியே போட்டால் அது சாம்பலாகிக் கசடில் போய்விடும். உங்கள் பட்டறையில் கிடக்கும் பழைய பித்தளையை மட்டும் மூசையில் சேர்த்துவிடாதீர்கள். துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

வார்த்ததோடு வேலை முடியாது. எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்று 31 வருடம் பார்த்துப் பழகியவன் நான். வெண்கலம் அப்படி இறுகாது. விளிம்பைக் குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டத் தட்டத்தான் இறுகும். சத்தத்தைக் கவனியுங்கள்: ‘தொக்’ என்பது ‘டிங்’ ஆக மாறும். அந்த இடத்தில் நிறுத்தி, மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு மறுபடி தட்ட வேண்டும். பேராசைப்பட்டு இன்னும் நாலு தட்டுத் தட்டினால் விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடும். எங்கள் இரண்டாவது வாளின் நுனியில் அப்படி ஒரு விரிசல் இருக்கிறது. அதைத் தேய்த்து மறைக்கவில்லை. அப்படியே மாட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் வார்க்கும் வாளில், பிடிக்குள் மறையும் பகுதியில், வருடத்தையும் உங்கள் பட்டறை முத்திரையையும் அடித்துவிடுங்கள். முத்திரை இல்லாத நல்ல நகல் நாலு கை மாறினால் ‘பழம்பொருள்’ ஆகிவிடும்.

கேள்வி: வாளில் பச்சை பூக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
(இல்லத்தரசி, அம்மாப்பேட்டை)

குத்துவிளக்குக்குப் புளி சரி, வாளுக்கு வேண்டாம். கெட்டியாக, வழவழப்பாகப் படியும் கரும்பச்சை அதற்குக் கவசம். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் நோய்; உப்பு பட்டதால் வருவது. காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, தேன்மெழுகு மெல்லியதாகப் பூசுங்கள். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலம் உலோகத்தைத் தின்னும்.

கேள்வி: என் கணவர் இப்படி ஐந்து வாள் வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் வைப்பது சட்டப்படி சரியா? நவராத்திரிக் கொலுவில் வைக்க ஆசைப்படுகிறார்.
(வாசகி, சூரமங்கலம்)

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், ஈட்டி, கத்தி எல்லாம் கூரிய ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். அதனால் கூர் இல்லாத நகலாகவே வாங்கச் சொல்லுங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, உங்கள் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நான் படங்களோடு போய்க் கேட்டேன். உதவி ஆய்வாளர் அரை மணி நேரம் உட்காரவைத்து ஆர்வமாகக் கதை கேட்டார்.

கொலுவில் தாராளமாக வையுங்கள், மேல்படியில். கூர் இல்லாவிட்டாலும் முனை முனைதான், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. தெருவிலோ பேருந்திலோ எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் குழி வெட்டும்போது வழவழப்பான ஒரு கருங்கல் கிடைத்தது. ஒரு பக்கம் உளி மாதிரி கூராக இருக்கிறது. உங்கள் சேகரிப்புக்குத் தரட்டுமா?
(தோட்ட உரிமையாளர், ஏற்காடு)

ஐயா, தயவுசெய்து எனக்குத் தராதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் அது புதிய கற்காலக் கற்கோடரி போலத்தான் இருக்கிறது. சேர்வராயன் மலையில் இவை நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலைக் கிராமங்களில் பிள்ளையார் பக்கத்தில் இந்தக் கற்களை வைத்துக் கும்பிடும் வழக்கமும் உண்டு. நான் ஒரு கோயிலில் ஏழு கல் எண்ணியிருக்கிறேன், ஏழின்மேலும் விபூதி.

மண்ணில் கிடைத்த பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். கழுவ வேண்டாம். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று இன்றைக்கே குறித்து வையுங்கள். இடம் தெரியாத கோடரி பாதிக் கோடரிதான். உங்களுக்கு வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை என்றால், அளவெடுத்துக் கொடுங்கள். அதே மாதிரி கல்லில் ஒன்று தேய்த்துத் தருகிறேன். மணலும் தண்ணீரும் போட்டு அம்மியில் தேய்த்தால் இருபது நாள் ஆகும்.

கேள்வி: நம் மண்ணிலேயே இரும்பு வாள் கிடைத்திருக்கும்போது, சீமை வெண்கல வாள் எதற்கு?
(ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மேட்டூர்)

நியாயமான கேள்வி. உங்கள் ஊர்ப் பக்கத்துத் தெலுங்கனூரில் கிடைத்த வாள் கரிமம் மிகுந்த எஃகு. அதன் காலம் கி.மு. 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு என்று ஆய்வு சொல்கிறது. கிரேக்கத்து மைசீனியில் வீரர்கள் நீண்ட வெண்கல வாளைப் பிடித்திருந்த அதே நூற்றாண்டுகள்! தென்னிந்தியாவில் வெண்கலக் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. கல்லிலிருந்து நேராக இரும்புக்கு வந்தோம். உருக்காலை வாசலில் நின்று கஞ்சமலையைப் பார்த்தால் காரணம் புரியும், இரும்புக் கல் காலடியில் கிடக்கிறது. செம்பும் வெள்ளீயமும் அப்படிக் கிடக்கவில்லை. வெண்கல வாளைக் கையில் எடுத்து அதன் குணத்தை அறிந்த பிறகுதான், தெலுங்கனூர்க் கொல்லன் செய்த காரியத்தின் அளவு எனக்கு உறைத்தது.

மாடியறைச் சுவரில் அந்த வாளுக்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன். தாரமங்கலம் பக்கம் அரிவாள் அடிக்கும் கொல்லர் ஒருவரிடம் பேசியாகிவிட்டது. படத்தைக் கையில் வாங்கியதும் அவர் நீளத்தைக் கேட்கவில்லை, எடையைக் கேட்கவில்லை. “பிடி எத்தனை விரலுக்குங்க?” என்றார். அவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, அந்த எட்டரை சென்டிமீட்டர் பிடியை அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.