உதவிக்கு வந்த வாள்

கேள்வி: ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் ஆடப் போகும் அமெரிக்க வீரர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளிலேயே மூட்டை கட்டிவிடுவதாகப் படித்தேன். ஆட்டம் ஒன்றுதானே, அப்படி என்ன சிரமம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான். பன்னிரண்டு இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று) முடிந்தும் வெற்றி தோல்வி தெரியாவிட்டால் ஜப்பானில் ஆட்டத்தைச் சமநிலை என்று முடித்துவிடுவார்கள் என்பது போன்ற சில வேறுபாடுகள் உண்டு. அவற்றுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பழக முடியாதது பயிற்சி. பிப்ரவரி 1 அன்று ஒகினாவா, மியாசாகி போன்ற வெதுவெதுப்பான ஊர்களில் பயிற்சி முகாம் தொடங்கும். அமெரிக்காவில் பிற்பகலுக்குள் முடிந்துவிடும் வேலை, அங்கே காலையில் ஆரம்பித்து மாலைவரை நீளும். அதற்குப் பிறகும் ‘ஆயிரம் பந்து’ என்றொரு பழைய முறைப்படி, பயிற்சியாளர் அடித்துக்கொண்டே இருக்க, வீரர் விழுந்து புரண்டு பிடித்துக்கொண்டே இருப்பார். பந்து வீச்சாளரின் தோள் ஓரளவே தாங்கும், அதைச் சேமிக்க வேண்டும் என்று நம்பி வளர்ந்தவருக்கு, வீசி வீசித்தான் தோள் உரம் பெறும் என்று சொல்லும் பயிற்சியாளர் புதிராகத்தான் தெரிவார். களைத்த பின்னும் நிற்பதே மனத்தைப் பண்படுத்தும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. அது தோளுக்கு நல்லதில்லை என்பது என் கட்சி.

இன்னொன்று, வெளிநாட்டு வீரரை அங்கே ‘சுகெட்டோ’ என்பார்கள். வாள் சண்டையில் ஒருவர் பக்கம் நின்று உதவ வந்தவர் என்பது அதன் பழைய பொருள். உதவிக்கு வந்தவருக்குச் சம்பளமும் மொழிபெயர்ப்பாளரும் உண்டு, ரசிகர்கள் எக்காளம் ஊதிப் பாடத் தனிப்பாட்டுகூட உண்டு. ஆனால் அணி தோற்றால் முதலில் கணக்குக் கேட்கப்படுபவரும் அவரே.

குடும்பமா, அணியா என்ற கேள்வி வரும்போது இது கசப்பாகவே முடிந்திருக்கிறது. ஹன்ஷின் டைகர்ஸ் அணி 1985-இல் முதன்முறையாக ஜப்பான் தொடரை, அதாவது அந்நாட்டின் சாம்பியன் பட்டத்தை, வென்றபோது அதன் தூணாக நின்றவர் ராண்டி பாஸ். 1988-இல் மகனின் மூளைக் கட்டிக்குச் சிகிச்சை செய்ய அவர் அமெரிக்கா சென்றிருந்தபோது, எப்போது திரும்ப வேண்டும் என்பதில் தகராறு எழுந்து, அணி அவரை விடுவித்துவிட்டது. அதே பாஸுக்கு ஜப்பானின் பேஸ்பால் புகழரங்கில் இடம் கிடைத்தது 2023-இல்.

கேள்வி: ஜப்பானியரின் சாதனையை வெளிநாட்டவர் முறியடிக்க விடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? (மதுரை வாசகர்)

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. ஒரே பருவத்தில் 55 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) என்ற சாதனையை 1964-இல் நிகழ்த்தியவர் சதஹாரு ஓ. 1985-இல் பாஸ் 54 அடித்துவிட்டுக் கடைசி ஆட்டத்துக்கு வந்தார்; எதிரணியான யோமியூரி ஜயன்ட்ஸின் மேலாளர், அதாவது ஆட்டத்தில் அணியை நடத்துபவர், அதே ஓ. அடிக்கவே முடியாதபடி பந்தை விலக்கி விலக்கி வீசி, பாஸை நான்கு முறை அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடக்க வைத்தார்கள் (வீச்சாளர் இப்படி நான்கு பந்து விலக்கி வீசினால், மட்டையாளர் அப்படி நடந்து போகலாம் என்பது விதி).  தாம் அப்படி உத்தரவிடவில்லை என்றார் ஓ. 2001-இல் கின்டெட்சு அணியின் டஃபி ரோட்ஸும், 2002-இல் செய்பு அணியின் அலெக்ஸ் கப்ரேராவும் 55-ஐத் தொட்ட பிறகு, ஓ மேலாளராக இருந்த டாய்எய் ஹாக்ஸ் அணியிடம் இதே அனுபவத்தைப் பெற்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, ஓவின் தந்தை சீனாவிலிருந்து குடியேறியவர். ஓவிடம் ஜப்பானியக் குடியுரிமை இல்லை. ஆனாலும் டோக்கியோவில் பிறந்து அங்கேயே படித்தவர் என்பதால் அவரை யாரும் சுகெட்டோ என்று சொன்னதில்லை. கடைசியில் 2013-இல் யாகுல்ட் ஸ்வாலோஸுக்கு ஆடிய, குரசாவோ தீவைச் சேர்ந்த விளாடிமிர் பாலென்டியன் 60 அடித்து அந்தச் சாதனையைக் கடந்தார். இம்முறை அவருக்கு அடிக்கத் தகுந்த பந்துகள் வந்தன. ரசிகர்களும் எழுந்து நின்று வாழ்த்தினார்கள்.

கேள்வி: அப்படியானால் அங்கே நன்றாக ஒட்டிக்கொண்டவர் யாருமே இல்லையா? (கோவை வாசகர்)

பதில்: இருக்கிறார்கள். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினரான வாலி யோனாமினே 1951-இல் வந்தபோது, தளத்தை நோக்கிச் சறுக்கிப் பாயும் அவருடைய முரட்டு ஓட்டத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். பிறகு அதையே கற்றுக்கொண்டார்கள். ஆனால் என் ஓட்டு வெனிசுவேலாவின் அலெக்ஸ் ராமிரெஸுக்கு. 2001-இல் வந்த அவர், தமக்குப் பந்து வீசுபவரைவிட, எந்தப் பந்தை வீசுவது என்று சைகை காட்டும் கேட்சரின் பழக்கங்களை உன்னிப்பாகப் படித்தார். ஹோம் ரன் அடித்ததும் ஜப்பானிய நகைச்சுவைக் கலைஞர்களின் சேட்டைகளைச் செய்துகாட்டி அரங்கைச் சிரிக்க வைத்தார். 2013-இல் 2,000 ஹிட்களை (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது ஒரு ஹிட்) எட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்து அதை எட்டிய முதல் வீரர் அவரே. 2016 முதல் ஐந்து பருவங்கள் யோகோஹாமாவின் டிஎன்ஏ அணிக்கு மேலாளராக இருந்தார்; அந்தக் காலத்திலேயே, 2019-இல், ஜப்பானியக் குடிமகனும் ஆனார்.